பசை வாசனை

“மச்சான், பசைக்கு இப்படி ஒரு வாசனை இருக்குன்னு இன்னிக்குத்தான்டா தெரியுது” என்று பைண்டர் தன் விரல்களை மோந்து மோந்து பார்த்தான்.

அச்சகத்தின் பின்வாசல். கழிவுக் காகிதக் கட்டுகளுக்கு இந்தப் பக்கம், ஷிப்ட் மாறும் நேரத்தில் இருவரும் வருஷக்கணக்காக நின்று புகைத்த இடம். இப்போது புகை இல்லை. பழக்க தோஷத்தில் வந்து நிற்பது மட்டும் விடவில்லை.

பைண்டருக்குப் பகல் ஷிப்ட் முடிந்திருந்தது. மெஷின்மேனுக்கு இனிமேல்தான் ஆரம்பம். அவன் வாயிலிருந்த கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளிவிட்டுச் சிரித்தான்.

சிகரெட்டை விட்டால் போன மூக்கு திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த கையோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார். இனி ஒன்று பிடித்தாலும் என்னிடம் வராதே, நேராகப் போய்ச் சேரவேண்டிய இடத்துக்கே போய்விடு என்று.

படிக்கட்டில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்த பைண்டரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் மெஷின்மேன்தான். ஆஸ்பத்திரிக் கட்டில் பக்கத்தில் நின்று, நீ தனியா அவஸ்தைப்பட வேண்டாம், நானும் விடறேன், நான் இருக்கேன்ல என்றவனும் அவனேதான்.

அச்சகமே அவனை மெச்சியது. கூடப் பிறந்தவன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று முதலாளி நாலு பேர் முன்னால் சொன்னார்.

வாய் சும்மா இருக்குமா? மெஷின்மேன் கிராம்பைப் பிடித்துக்கொண்டான். பைண்டருக்குக் கிராம்பு ஆகாது, நாக்கு வெந்துவிடும். அவனுக்கு ஏலக்காய். ஒருவன் தடுமாறினால் மற்றவன் போனில் கூப்பிட்டுத் திட்டவேண்டும் என்று ஏற்பாடு. மெஷின்மேன் வஞ்சனையில்லாமல் திட்டினான்.

அதோடு நின்றானா? அண்ணா, இவர் வீட்டுல எங்கயோ ஒளிச்சு வச்சிருக்காரு என்று பைண்டரின் மனைவி கண்ணைக் கசக்கினாள். பைண்டர் வேலையில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போய், வீட்டையே புரட்டிப் போட்டுத் தேடினான். பரண்மேல் தேடினான், செருப்புப் பெட்டிக்குள் தேடினான். கடைசியில் மெத்தைக்கு அடியில் கிடைத்தது, தீப்பெட்டியோடு ஒரு பாக்கெட்.

அதைப் பறிமுதல் செய்து தன் டூல் பாக்ஸில் வைத்துப் பூட்டினான். அந்தக் கதையைச் சொல்லி அச்சகம் முழுக்கச் சிரித்தது. பைண்டரும் சேர்ந்துதான் சிரித்தான்.

அதற்குப் பிறகும் மெஷின்மேன் தவறாமல் தேடப் போனான்.

பைண்டர் இப்போது வாசனைகளை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். அச்சு மசி. மழை பெய்த தார் ரோடு. மகள் தலையில் ஷாம்பு. இத்தனை வருஷம் காகிதத்தோடு குடித்தனம் நடத்தியவனுக்கு, புதுக் காகிதத்துக்கென்று ஒரு வாசனை உண்டு என்பதே இப்போதுதான் தெரிகிறதாம்.

மெஷின்மேனுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

“ஒரு கூத்தைக் கேளு. தலகாணியில முகத்தை வச்சா கிராம்பு வாசனை. எனக்குத்தான் கிராம்பே ஆகாதே. உன் தங்கச்சிகிட்ட சொன்னா, உங்களுக்கு மூக்கு ரொம்பத்தான் நீண்டுபோச்சுங்கறா. காலையில எழுந்து பார்த்தா உறை எல்லாத்தையும் உருவி ஊறப்போட்டிருக்கா. பாவம்டா அவ.”

மென்றுகொண்டிருந்த தாடை நின்றது.

பைண்டர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். மூக்குக்கு எட்டியது மூளைக்கு எட்டவில்லை. இன்று எட்டாது. நல்லவன், நல்லவர்களுக்கு எல்லாமே நிதானமாகத்தான் எட்டும். ஆனால் இந்த மூக்கு இப்படியே கூர்மையாகிக்கொண்டு போனால், ஒருநாள் தானாக வந்து மெஷின்மேனின் வாய்க்குப் பக்கத்தில் நிற்கும்.

அவனுக்குப் பயமாக இருந்தது. பயத்தைவிட எரிச்சல் அதிகமாக இருந்தது. வளர்த்த கடா மார்பில் பாய்கிறதே என்ற எரிச்சல்.

கிராம்பைத் துப்பிவிட்டு உள்ளே போனான். திரும்பி வந்தபோது கையில் அந்தப் பாக்கெட் இருந்தது, தீப்பெட்டியும் இருந்தது.

தன்னைச் சோதிக்கிறான் என்று நினைத்துப் பைண்டர் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. கண் பாக்கெட்டை விட்டு நகரவில்லை. டாக்டர் என்று ஆரம்பித்து, முடிக்காமல் எச்சிலை விழுங்கினான்.

“டாக்டருங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க. இத்தனை நாள் இருந்துட்டே, ஒண்ணுல என்ன ஆயிடப்போகுது? நான் இருக்கேன்ல.”

காற்றில் அணையாமல் இரண்டு கையையும் குவித்து அவனே பற்றவைத்தான். தனக்கு ஒன்று எடுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று பைண்டர் கேட்டதற்கு, நான்தான் விட்டுட்டேனே என்றான்.

முதல் இழுப்பிலேயே இருமல் பைண்டரைக் குலுக்கி எடுத்தது. மெஷின்மேன் முதுகைத் தடவிக் கொடுத்தான். அந்தக் கைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல் பைண்டர் அவனையே பார்த்தான். பிறகு பஞ்சு வரைக்கும் இழுத்து, துண்டை மிதித்து அணைத்தான்.

மெஷின்மேன் அவன் கையைப் பிடித்து, விரல்களை அவன் மூக்கருகே கொண்டுபோனான். பசை வாசனை இன்னும் வருகிறதா என்று கேட்டான்.

பைண்டர் கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மோந்து பார்த்தான்.

“லேசா வருது மச்சான்.”

மெஷின்மேன் பாக்கெட்டிலிருந்து அடுத்ததை உருவினான்.