தேய்ந்த பிரேக்

தகரக் கதவிடுக்கில் ஒரு கீற்று மத்தியான வெயில். யாரோ பாதி கட்டிக் கைவிட்டு விற்ற, ஸ்போர்ட்ஸ் காரை அச்சு அசலாக நகலெடுத்த வண்டி. எஞ்சின் மூலையில், சக்கரங்கள் சுவரோரம். மரக்கட்டைகள் மேல் நிற்கும் வண்டியின் வெறும் கூட்டுக்குள் உட்கார்ந்து, அவன் மிதிகளைத் துடைக்கிறான். ஆக்ஸிலரேட்டர் புத்தம் புதுசு. பிரேக் ரப்பர் மட்டும் குழி விழத் தேய்ந்திருக்கிறது. "ஒரு அடிகூட ஓடாத வண்டின்னுதானே வித்தாங்க?" என்கிறாள், கூட்டுக்கு முன்னால் டார்ச் பிடித்து நிற்கும் மனைவி. "வித்தவன் சும்மா உட்கார்ந்து மிதிச்சுப் பார்த்திருப்பான். ஆசை யாரை விட்டுது!" சிரித்துக்கொண்டே வெறுங்காலை வைக்கிறான். அளவெடுத்தது போல் பாதம் குழியில் பொருந்துகிறது. அடியில் மரக்கட்டை முனக, எஞ்சினில்லாத கூடு அவள் பக்கம் ஒரு விரற்கடை நகர்ந்து நிற்கிறது. அவள் பின்சுவரோடு ஒட்டிக்கொண்டு சொல்கிறாள்: "ஏங்க, காலை மட்டும் எடுத்துடாதீங்க."