திருப்பிச் சொல்லுங்க, மேடம்

“மூணாம் நம்பர் எர்த் சுவிட்சைத் திறங்க, மேடம். திருப்பிச் சொல்லுங்க.”

“மூணாம் நம்பர் எர்த் சுவிட்சைத் திறக்கறேன், சார்,” என்றது கடலிலிருந்து வந்த குரல். கொஞ்சம் பொறுத்து, “திறந்தாச்சு, சார்.”

அவன் தன் பட்டியலில் அந்தப் படிக்கு எதிரே ஒரு கோடு போட்டுக்கொண்டான். இன்னும் ஒரே ஒரு படிதான் பாக்கி.

கடலுக்குள் நிற்கும் காற்றாலைகளின் மின்சாரம் இன்று முதன்முறையாகக் கரைக்கு வரப்போகிறது. கரையில் உத்தரவு கொடுப்பது அவன். கடல் மேடையில் சுவிட்சைப் போடுவது மேடம். சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்ன பிறகுதான் சுவிட்சில் கை வைக்க வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் ஆள் கரிக்கட்டை. அதனால் இந்தத் தொழிலில் கிளிப்பிள்ளைக்குத்தான் மரியாதை.

கண்ட்ரோல் ரூமில் நிற்க இடமில்லை. பெரிய மனிதர்கள் கையில் டீயோடு ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த மேடம் பெற்ற பிள்ளைதான் இந்த சார் என்பது அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

வீட்டில் அவன் ‘டா’. ரேடியோவில் மட்டும் சார். ஒரு மாதமாக வீட்டுப் பேச்சு நின்றுபோனதால், அம்மா வாயிலிருந்து அவனுக்குக் கிடைப்பதெல்லாம் இந்த சார் மட்டும்தான்.

காரணம் வேறொன்றுமில்லை. அதே மேடையில் கேபிள் இணைக்கும் பெண்ணைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டான்.

“கடல்ல கிடக்கறதுக்கு வீட்டுக்கு ஒருத்தி போதும்” என்று சொல்லிவிட்டு, அம்மா பையைத் தூக்கிக்கொண்டு டியூட்டிக்குக் கிளம்பிவிட்டாள்.

மேடையில் அம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் ஒரே சமையல்கட்டு, ஒரே சாப்பாட்டு மேஜை. போன வாரக் காற்றில் மேடையின் போன் டவர் சாய்ந்ததிலிருந்து, அந்த மேஜையில் என்ன நடக்கிறது என்று அவனுக்கு ஒரு துப்பும் இல்லை. இந்த வேலை முடிந்ததும் அந்தப் பெண் அடுத்த வேலைக்கு வேறொரு கடலுக்குப் போய்விடுவாள்.

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? அவன் பட்டனை அழுத்தினான்.

“கல்யாணத்துக்குச் சம்மதம். திருப்பிச் சொல்லுங்க, மேடம்.”

யாரோ வாய்க்குக் கொண்டுபோன பிஸ்கட் பாதியில் நின்றது. பின்னால் நின்ற மேலதிகாரியின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. எல்லாம் பதிவாகிற லைன். நாளைக்கு மெமோ நிச்சயம்.

ஸ்பீக்கர் கரகரத்தது.

“அந்த உத்தரவை ஏத்துக்க முடியாது, சார்.”

கூட்டத்தில் ஒருவர் உச்சுக்கொட்டினார். அவன் இத்தனை பேர் முன்னால் அழுது தொலைக்கக் கூடாதே என்று மேஜை விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

ஸ்பீக்கர் மறுபடி கரகரத்தது.

“முடிஞ்ச வேலைக்கு மறுபடி உத்தரவு வாங்கற பழக்கம் இந்த மேடையில இல்ல. மருமக என் பக்கத்துலதான் நிக்கறா. அடுத்ததைச் சொல்லுடா.”