இருவர் சைக்கிள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இரண்டு தோழிகள் மலையேறிய கதை சொல்கிறேன். இருவர் மிதிக்கும் ஒரே சைக்கிள் அது. முன்னால் ரெஜினா, பின்னால் கண் தெரியாத கோமளா. அதில் நான்கு பெடல்களும் ஒன்றாகவே சுற்றும்; யார் கால் மிதிக்கிறது, யார் கால் சும்மா சுற்றுகிறது என்பது மிதிப்பவர்களுக்கே தெரியாது.

பாதி ஏற்றத்தில் கோமளா சொன்னாள்: “என்னைய மூட்ட மாதிரி ஏத்திட்டுப் போற. இனிமே கூப்பிடாதடி, வரமாட்டேன்.”

“மூட்ட இவ்ளோ பேசாதுடி.”

“நெசமாத்தான் சொல்றேன்.” குரல் உடைந்திருந்தது.

ரெஜினா இரண்டு கால்களையும் பெடலிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டாள். சைக்கிள் தள்ளாடியது, ஆனால் நிற்கவில்லை.

“ஏண்டி, திடீர்னு இப்படிக் கனக்குது?”

“என் காலைத் தொட்டுப் பாரு.”

கோமளா ஒரு கையை முன்னால் நீட்டித் தடவினாள். ரெஜினாவின் முழங்கால் அசையாமல் இருந்தது. சக்கரம் மேலே ஏறிக்கொண்டிருந்தது.

“அடிப்பாவி!” கோமளாவுக்கு மூச்சிரைத்தது. “காலை வைக்காத. அடுத்த வளைவு வரைக்கும் அப்படியே உக்காந்து வா.”

உங்கள் வீட்டில் ஒருவருக்கும் முழங்கால் வலி வராதிருக்கட்டும், கண்ணுகளா. உலை கொதித்துக்கொண்டே இருக்கட்டும்.