‘பசி’ படத்துப் பெண்

புயல் முகாமில் ஆறு வயது பொன்னுருவி சாப்பிட்டுக்கொண்டிருந்த பன்னைப் புகைப்படக்காரர் ஞானதிரவியம் பிடுங்கினார். அவள் அழுததும் படமெடுத்தார். ‘பசி’ என்ற அந்தப் படம் உலகப் பரிசு வாங்கியது. பின்னாளில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட, “பசிப் பொண்ணு இதுதானா?” என்று கேட்டுவிட்டுத்தான் காபி குடித்தார்கள்.

படம் எடுத்து இருபத்திரண்டு வருடம் கழித்து அவளுடைய பரோட்டாக் கடைக்கே அவர் தேடி வந்தார்.

“அதே பொண்ணு இப்ப சிரிக்கணும்மா. என் கண்காட்சியே அந்தப் படத்தை நம்பித்தான்.”

அவள் சிரிக்கவில்லை. அவர் ஜோக் சொன்னார், குரங்கு மாதிரி குதித்தும் காட்டினார்.

“அப்புறம் சார்?” என்றாள்.

மூன்றாம் நாள், “என் மானமே போயிரும் தாயி” என்று உடைந்து அழுதார்.

பொன்னுருவி மாவுக் கையைத் துடைத்துவிட்டு செல்போனை எடுத்தாள்.

“அப்படியே இருங்க சார். வெளிச்சம் நல்லா விழுது.”