பத்து நிமிட நாற்காலி

“தெனம் பத்து நிமிஷம் ஒக்காந்து திங்க ஒனக்கு மட்டும் டாக்டர் சீட்டு—”

“மெல்லப் பேசுடி ஹயாத்—”

“ஏன் மெல்ல? நோன்போட காலையிலேருந்து நிக்கிறேனே, என் காலு என்ன மரமா?”

மொனாஸ்டிர் நகரத்து ஆயத்த ஆடைத் தொழிற்சாலையின் இஸ்திரிப் பகுதியில் ரமலான் நண்பகல். ஜீன்ஸ் கட்டுகளுக்குப் பின்னால், நோன்பாளிகள் கண்ணில் படாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்து ரொட்டி மெல்லுகிறாள் மப்ரூக்கா. சர்க்கரை நோய்க்காரி என்று தொழிற்சாலை மருத்துவர் எழுதிக் கொடுத்ததில் கிடைத்த நாற்காலி அது. உயரத்துச் சன்னல் வெயிலில் நீலப் பஞ்சுத்தூள் மிதக்கிறது. இஸ்திரிப் பெட்டிகள் புஸ்ஸென்று ஆவி விடுகின்றன. பக்கத்தில் இஸ்திரி போட்டு நிற்கும் ஹயாத்தின் கண் ரொட்டியில் இல்லை, நாற்காலியின் கிழிந்த மெத்தையில் இருக்கிறது. “நாளைக்கே மேனேஜர்கிட்டச் சொல்லி இதைத் தூக்க வைக்கிறேன் பாரு. சர்க்கரையாம்! எனக்கும் வந்து தொலையக் கூடாதா?” மப்ரூக்கா வாயிலிருந்ததை விழுங்குகிறாள். மிச்ச ரொட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு எழுந்து, நாற்காலியை ஹயாத் பக்கம் தள்ளுகிறாள்.

“ஒக்காரு. நான் நோன்பு வச்சு ஆறு வருஷமாச்சு, எனக்கு மறந்தே போச்சு. சாயங்காலம் நோன்பு தொறக்கப் பாங்கு கேட்டதும் மொதப் பேரீச்சம்பழத்தை வாயில போடுவியே, அப்ப எப்படிடி இருக்கும்?”