சாவு சீனுக்கு ஒன்ஸ்மோர்

"ஒன்ஸ்மோர்!"

மேடையில் செத்துப்போன மகனை மடியில் போட்டுக்கொண்டு பாடிய ராசாத்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. இன்றைக்கும் அதே குரல். தரை டிக்கெட்டில், பெண்கள் பக்கமிருந்து.

காதல் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்கலாம், நியாயம். பபூன் பாட்டுக்குக் கேட்கலாம், அதுவும் நியாயம். எழவுப் பாட்டுக்கு எந்தப் பாவியாவது கேட்பாளா?

ஒருத்தி ஆரம்பித்துவிட்டால் போதாதா? கொட்டகையே கூடச் சேர்ந்து கூவியது. விசில் வேறு.

கேட்டால் கொடுத்தே தீரணும். மறுத்தால் மேடைக்கு மண்ணாங்கட்டி பறந்து வரும். அம்பு பாய்ந்து செத்துக் கிடந்த இளவரசன் வேசக்காரன் திருப்பதி எழுந்து உட்கார்ந்தான். அக்குளில் இடுக்கியிருந்த அம்பைச் சரிபண்ணிக்கொண்டு, தன் சாவுப் பாட்டை முதலடியிலிருந்து பாடி, மறுபடியும் செத்தான்.

சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ராசாத்திக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. அழவைக்கிறதில் அவளை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவள். அவள் அழ அழ ஊரே சிரிக்கிறது!

மறுநாள் காலையில் நாடகக் கம்பெனி முதலாளி சிவசாமி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கொட்டகைக்காரரு கண்டிசனாச் சொல்லிப்புட்டாரு ராசாத்தி. இன்னைக்கும் இந்தக் கூத்து நடந்தா நாளைக்கே மூட்டையைக் கட்டணுமாம்."

"சிரிச்சாலும் கூட்டம் வருதுல்ல அண்ணே?"

"ஆம்பளைக வருவாக. பொம்பளைக அழுகுறதுக்குன்னுல்ல வர்றாக? இப்படி வெறுங்கண்ணோட திருப்பி அனுப்புனா, புதுசா வந்திருக்கிற டூரிங் டாக்கீசுக்குல்ல போயிருவாக! போன ஊருகள்ல பட்டது போதாதா? கந்தர்வக்கோட்டையை விட்டா நமக்கு வேற போக்கிடம் ஏது?"

"யாரு அண்ணே அந்தப் புண்ணியவதி?"

"மருதாயின்னு ஒருத்தி. முந்திரிக்கொட்டை ஒடைக்கிறவளாம். பக்கத்துப் பட்டியிலேருந்து தெனம் நடந்து வர்றா. எதிர்க் கம்பெனிக்காரன் எவனோ ஏவிவிட்ட ஆளாத்தான் இருக்கும்."

ராசாத்தி கொண்டையை அள்ளி முடிந்தாள். "நான் பாத்துக்கிறேன் அண்ணே."

அன்றைக்கும் இளவரசன் செத்தான். அன்றைக்கும் கூவல் வந்தது.

"ஒன்ஸ்மோர்!"

ராசாத்தி விசுக்கென்று எழுந்தாள். மடியிலிருந்த திருப்பதியின் தலை பலகையில் டங்கென்று இடித்தது. மேடை நுனிக்கே வந்துவிட்டாள்.

"ஏ மகராசி! கூவுனவ எந்திரி!"

கொட்டகை கப்சிப்.

தூணோரமாக ஒருத்தி எழுந்து நின்றாள். ஒடிசலான பொம்பளை. முந்திரித்தோட்டு எண்ணெய் பட்டுக் கறுத்துப்போன விரல்கள், முந்தானையைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தன.

"எம் மகன் இங்க செத்துக் கெடக்குறான். அதை ஒனக்கு ரெண்டாந்தரம் வேற பாக்கணுமோ? அம்புட்டு ஆசையா? நீயெல்லாம் ஒரு பிள்ளையைப் பெத்தவளாடி?"

மருதாயி குனிந்த தலை நிமிராமல், உட்கார்ந்திருந்தவர்களின் கால்களுக்கு நடுவே வழி தேடி வெளியே போய்விட்டாள்.

"நாக்கைப் பிடுங்குற மாதிரி கேட்டே தாயி!" என்று பெஞ்சு டிக்கெட்டிலிருந்து ஒருவர் கத்தினார். கொட்டகை அதிரக் கைத்தட்டு.

அப்புறம் பாடினாள் பாருங்கள்! பெண்கள் பக்கம் முழுக்க மூக்குச் சிந்தும் சத்தம். திரைக்குப் பின்னால் சிவசாமி சாமி கும்பிட்டார். கம்பெனி பிழைத்தது. ராசாத்திக்குத் தலைகால் புரியவில்லை.

காலையில் அவள் கொட்டகைக்குப் பின்னால் பட்டுச்சீலையை வெயிலில் உதறிப் போட்டுக்கொண்டிருந்தபோது, வேலியோரம் யாரோ நின்றார்கள். மருதாயி.

"இங்கிட்டு என்ன வேலை ஒனக்கு?"

"மன்னிச்சுக்க தாயி. என்னாலதான் நீங்க ஊரைவிட்டுப் போகப் போறீகன்னு இப்பத்தான் சொன்னாக. இனிமே வாயைத் தொறக்கமாட்டேன். நீங்க போயிராதீக."

"எவன் ஏவிவிட்டுக் கூவுனே? உள்ளதைச் சொல்லு."

"யாரும் ஏவலை தாயி. மொத நாளு, பக்கத்துல இருந்தவுக ஒரு பாட்டுக்கு அப்படிச் சொன்னாக. நானும் அதைச் சொன்னேன். அதுக்கு என்ன அர்த்தம்னுகூட எனக்குத் தெரியாது."

"அர்த்தம் தெரியாமத்தான் எழவு எடத்துல பாத்துப் பாத்துக் கூவுனியாக்கும்!"

மருதாயி வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எம் மகனுக்கும் அந்தத் தம்பி வயசுதான். போன ஐப்பசியில முந்திரிக்காட்டுல பாம்பு தீண்டி, அந்தத் தம்பி ஒங்க மடியில கெடக்குதே, அது மாதிரியேதான் எம் மடியில கெடந்தான். நானும் அவன் பேரைச் சொல்லிச் சொல்லிக் கத்துனேன். எந்திரிக்கலை."

ராசாத்தியின் கையிலிருந்த பட்டுச்சீலை மண்ணில் விழுந்தது. குனிந்து எடுக்கத் தோன்றவில்லை. நேற்று அத்தனை பேர் கைத்தட்ட அவள் கேட்ட கேள்வி, இப்போது அவள் உடம்பெல்லாம் கூச வைத்தது. மருதாயியின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

"இங்க அந்த ஒத்தை வார்த்தையைச் சொன்னாப் போதும் தாயி... பிள்ளை எந்திரிச்சு உக்காந்துருதே!"