முப்பது இறால் குஞ்சுகள்

"உங்க சாயக்கழிவுல விட்ட முப்பது இறால் குஞ்சும் ஒரே நாள்ல செத்துப்போச்சு சார்," என்றார் கடல் ஆய்வாளர் எஸ்தர். "காவிரி முகத்துவாரத்துல இறால் ஏன் அழியுதுன்னு தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தோம். உங்க சாயப்பட்டறையை மூடச் சொல்லி எழுதப்போறேன்."

திருப்பூர்ச் சாயப்பட்டறை முதலாளி பொங்கியண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"இருக்காதுங்க! கடல் உசுரு நம்ம தண்ணியத் தாங்காதுங்களே?"

"கடலளவு உப்பு சேர்த்துத்தான் விட்டோம்."

"குஞ்சே நோஞ்சானா இருந்திருக்குமுங்க."

"பக்கத்துத் தொட்டியில, சுத்தமான உப்புத்தண்ணியில, அதே கூட்டத்துக் குஞ்சுங்க நல்லா நீந்துது. கேன்ல சாயக்கழிவை நிரப்பிக் கையெழுத்துப் போட்டது நீங்கதானே?"

"நாந்தானுங்க. இன்னொருக்காப் பாருங்கம்மா, உங்க காலப் புடிக்கறேன்!"

"மூணு தடவை பார்த்தாச்சு."

எஸ்தருக்கு இரக்கம் வந்தது. "சுத்திகரிப்பு நிலையம் கட்டினா மறுபடி திறக்கலாம் சார்."

"பட்டறை கெடக்குது போங்க!" என்று அலறியவர் தொலைபேசியைச் சுழற்றினார். இருமுறை கரு கலைந்து, இப்போது ஆறு மாதக் கர்ப்பிணியாக வீட்டிலிருந்த மகள் எடுத்தாள்.

"அம்மணி, நம்மூட்டுக் கெணத்துத் தண்ணிய இனி ஒரு வாயும் குடிக்காதே!"

சாயக்கழிவு என்று சொல்லி அவர் கேனில் நிரப்பிக் கொடுத்திருந்தது அந்தக் கிணற்று நீரைத்தான்.

"இப்பத்தானுங்கப்பா ஒரு சொம்பு குடிச்சேன்," என்றாள் மகள்.